ரூரிகோவின் வாய்

ரூரிகோவைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் தெருவில் என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடையாது. அவளை எனக்குப் பிடிக்காது. சும்மா பிடிக்காது என்று இல்லை, வயிறு எரியும். ஆனால் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் தும்மினால் எனக்குத் தெரியும், முள்ளங்கி நறுக்கினால் தெரியும், நறுக்கும்போது யோசனை எங்கோ போனால் அதுகூடத் தெரியும். அதனால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லாம் அவள் கடையில் வாங்கித் தின்றவர்கள், அவர்கள் சொல்வதை நம்ப முடியாது.

அவள் விற்பது கொரொக்கே. உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பது. எங்கள் யுகாமி ஊரில் அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், நானும் செய்வேன். ஆனால் அவள் கடை வாசலில் மட்டும் வரிசை நிற்கும். காரணம் கொரொக்கே இல்லை, அவள் வாய்.

"வாங்க வாங்க! இப்பத்தான் சட்டியிலேர்ந்து எறங்குச்சு! கடிச்சா மொறுக்குங்கும், உள்ள பொதபொதன்னு இருக்கும்! நாக்கு சுர்ருன்னா என்னைத் திட்டாதீங்க, ஊதி ஊதித் தின்னுங்க!"

வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்தவர்கள், ஈரத் தலையோடு அப்படியே நின்றுவிடுவார்கள். நான் அவள் கடையில் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. ஆனால் எண்ணெய்ச் சத்தத்தோடு அந்தக் குரலும் சேர்ந்து வரும்போது என் வாயிலும் எச்சில் ஊறும். எச்சிலுக்கு ஏது ரோஷம்?

அவளும் இந்த ஊர்க்காரிதான். மேலத்தெரு விறகுவெட்டியின் மகள். சின்ன வயதிலேயே ஒசாகாவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய கடையின் தரைக்குக் கீழே, தின்பண்டம் விற்கிற தளத்தில், கையில் தட்டோடு நின்று கூவுகிற வேலை. ஊறுகாயாகட்டும், வறுத்த கடற்பாசியாகட்டும், அவள் வாயைத் திறந்தால் போகிறவர்கள் திரும்பி வருவார்களாம். புருஷன் பேசவே மாட்டானாம். ஒருநாள் அவன் பேசாமலே வேறொருத்தியோடு போய்விட்டான். இவள் ஒரு பெட்டியும் ஒரு எண்ணெய்ச் சட்டியுமாக ஊருக்குத் திரும்பினாள். இத்தனை தெரு இருக்க, என் பக்கத்து வீடு காலியாகத்தான் இருக்க வேண்டுமா? அதுதான் என் தலையெழுத்து.

என் வீட்டுக்காரர் தொகுசோ. ஊரில் எல்லோருக்கும் வாத்தியார். பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் இல்லை, உடம்பு பிடித்துவிடுகிறவர். அந்த வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. விரல்தான் அவருக்குச் சோறு போடுகிறது. நான் ஒரு விடுதியில் துண்டு துவைத்துக்கொண்டிருந்தவள். அங்கே விருந்தாளிகளுக்கு உடம்பு பிடிக்க வந்துபோன இடத்தில் என்னைப் பார்த்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். பார்க்கவில்லை, கேட்டார். துண்டு பிழிகிற சத்தத்தைக் கேட்டு, "இது யாரு, இவ்ளோ கோவமாப் பிழியறது?" என்றார். அப்படித்தான் எங்கள் கல்யாணம்.

எனக்குப் பேச வராது. காலையில் எழுந்ததும் அவர் கேட்பார்.

"வெளிய எப்பிடி இருக்கு?"

"மழை."

"எப்பிடி மழை?"

"நனையற மழை."

கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டார், "ஏய் ஃபுசாயே, உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்?" அவர் விரலுக்கு என் முகம் தெரியாதா என்ன? "மூஞ்சி மாதிரிதான் இருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். அப்புறம் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

எங்கள் ஊரில் உடம்பு பிடித்துக்கொள்ள வந்து படுத்தால், வலியை வாயால் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் போதாது. விண்விண் என்கிறதா, சுருக்சுருக் என்கிறதா, குடைகிறதா, நமநமக்கிறதா? அதைக் கேட்டபிறகுதான் அவர் கை வைப்பார். கிழவர்கள்கூட வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு ஒருமுறை இடுப்புப் பிடித்துக்கொண்டது. "எப்பிடி வலிக்குது?" என்றார். "இடுப்பு" என்றேன். "இடுப்பு சரி, எப்பிடி?" "இடுப்பு வலி." பெருமூச்சு விட்டுவிட்டு, தடவித் தடவித்தான் கண்டுபிடித்தார்.

இலையெல்லாம் சிவந்திருந்த நாளில் ரூரிகோ முதல்முறை வந்தாள். நான் திரைக்குப் பின்னால் சுடுதுண்டு பிழிந்துகொண்டிருந்தேன்.

"எங்க வலி?"

"தோள்ல வாத்தியாரே. சும்மாவா வலிக்குது? காலையில கிணுகிணுன்னு ஆரம்பிக்கும், பக்கத்து ஊர்ல யாரோ மணி அடிக்கற மாதிரி. மத்தியானம் எண்ணெய்ச் சட்டியத் தூக்கினா வெடுக்! சாயங்காலம் ஆச்சுன்னா, கொடியில ஒறைஞ்சுபோன துணி இருக்கு பாருங்க, அதை மடிக்கற மாதிரி மடமடங்குது."

"அடடா!" என்றார் என் வீட்டுக்காரர். "கை வைக்கறதுக்கு முன்னாடியே வலி தெரிஞ்சுபோச்சே!"

என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் அடடா சொன்னதில்லை. அன்று நான் பிழிந்த துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

அதோடு நின்றதா? திங்கட்கிழமை அவள் கடைக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் கிழங்கை எல்லாம் வேகவைப்பாள். "அடுப்ப விட்டு வர முடியல வாத்தியாரே, நீங்களே வந்துருங்களேன்" என்றாள். அவரும் விடுதி விடுதியாகப் போய் வருகிறவர்தான், பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு நான் என்ன சொல்லித் தடுக்க முடியும்? சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து போய்விடுவார். கைத்தடிகூட எடுக்க மாட்டார். அந்தத் தடி மூலையில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் போனதும் நான் சுவரோரமாகத் துணி தைக்க உட்காருவேன். வேறு இடத்தில் வெளிச்சம் இல்லையா என்று கேட்காதீர்கள். முதலில் அவள் குரல், குசுகுசுவென்று. கிழங்கு கொதிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடாது. பிறகு கொஞ்சம் அமைதி. பிறகு அவர் சிரிப்பு. சாதாரணச் சிரிப்பா அது? கடகடவென்று, வண்டியிலிருந்து விறகைச் சரித்த மாதிரி. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், இப்படி ஒரு சிரிப்பு அந்த மனுஷனுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்க முடியாது. எங்களைப்போலச் சுவர் ஒட்டின வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவர் வழியாக வந்ததை வாய் வழியாக விடக்கூடாது. ராத்திரி முழுக்கச் சண்டை கேட்டிருக்கும். காலையில் வாசலில் பார்த்தால், "குளிரு ஜாஸ்தியாயிருச்சு இல்ல?" என்றுதான் கேட்போம். இல்லாவிட்டால் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் எப்படி விழிப்பது? அதனால் என் காதில் விழுந்தது என் வயிற்றுக்குள்ளேயே கிடந்து புளித்தது.

பொதுக் குளியலறை வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிற கினு மட்டும் ஒருநாள் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன ஃபுசாயே, உங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் நல்லாச் சிரிக்கறாராமே?"

"வயசானா சிரிப்பு வரும்."

"எனக்கும்தான் வயசாச்சு. எனக்கு எங்க வருது?"

அன்றைக்கு நான் முதுகுகூடத் தேய்க்காமல் வந்துவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வாய்தானே? எனக்கும்தான் இருக்கிறது. ரூரிகோ ஒருத்தியால்தான் முடியுமா? முதல் பனி விழுந்த அன்று காலை, அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"வெளிய எப்பிடி இருக்கு?"

நான் ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பனி வந்து... மெதுமெதுன்னு... பொசுபொசுன்னு... வானம் அப்பிடியே பொலபொலன்னு... சிலுசிலுங்குது."

அவர் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என் பக்கமாகவே காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா? நேத்து சாப்ட்ட மீனு ஒத்துக்கலையா?"

"பனி பெய்யுது!" என்று கத்தினேன். "அவ்ளோதான்! வெள்ளையா பெய்யுது!"

"ஆங், அப்பிடிச் சொல்லு" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

அவள் சொன்னால் அடடா. நான் சொன்னால் மீன் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துவிட்டேன். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறவள் இன்னும் குறைத்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் தட்டு, மூடி, கதவு எல்லாவற்றையும் பேசவிட்டேன். "இன்னைக்கு அடுப்படியில பெரிய கலாட்டா போல" என்பார். அதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் அந்த விறகுச் சிரிப்பு இல்லை. அது திங்கட்கிழமைக்கு என்று எடுத்துவைத்தது.

அவர் போய்விடுவார் என்று நான் பயந்தேன். வேறு வீட்டுக்கு இல்லை, இந்த வயதில் எங்கே போவார்? என் சோற்றைத் தின்று, என் பக்கத்தில் படுத்து, காதை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுவார். கண் இல்லாத மனுஷனுக்குக் காது போனால் முழுசாகப் போன மாதிரிதான்.

பெரும்பனி கொட்டின மாதம். ஒரு திங்கட்கிழமை, விடுதியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டதால் அவர் அங்கே போயிருந்தார். பக்கத்து வீட்டுக்கு இன்றைக்கு இல்லை என்று எனக்குக் கொஞ்சம் குளுமையாகக்கூட இருந்தது. நான் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது தன் வீட்டுக்குள்ளேயிருந்து ரூரிகோ குரல் கொடுத்தாள்.

"அக்கா, வாத்தியார் இன்னைக்கு வரலியா?"

என்ன ஏக்கம் அந்தக் குரலில்! எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வாரின பனியைத் தெருவோரக் கால்வாயில் போடாமல் அவள் வாசலில் போட்டேன். இன்னொரு வாரு வாரி அதையும் போட்டேன். எங்கள் ஊரில் செருப்பால் அடித்தால்கூட மன்னிப்பார்கள். தன் வாசல் பனியை அடுத்தவள் வாசலில் கொட்டினவளை மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அவள் தள்ளுகதவைத் திறந்தபோது முழங்கால் உயரத்துக்குக் கொட்டியிருந்தேன்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"என்ன பண்றனா? திங்கக்கெழம திங்கக்கெழம அங்க என்னடி சிரிப்பு?"

சொல்லிவிட்டேன். சுவர் வழியாக வந்தது வாய் வழியாக வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டில் பனி தள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. ரூரிகோ குவிந்த பனிமேல் ஏறி இறங்கி வந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள்.

"நீங்க கேக்கமாட்டீங்களான்னுதான் நானும் காத்துட்டு இருந்தேன்" என்றாள். "எனக்கே தாங்கல அக்கா. உங்க வீட்டுக்காரரு என் உசுர வாங்கறாரு."

"என்ன?"

"உங்க மூஞ்சி வேணுமாம் அவருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பில் கிழங்கு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"மொத திங்கக்கெழமையே ஆரம்பிச்சுட்டாரு. 'ரூரிகோ, வலியவே இவ்ளோ அழகாச் சொல்றியே, எம் பொண்டாட்டி மூஞ்சியச் சொல்லு. வெரலுக்கு எலும்புதான் தெரியுது, பாக்கறவங்களுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியலயே'ன்னாரு. நானும் இதென்ன பெரிய விஷயம்னு சொன்னேன். கன்னம் கொழுகொழுன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறாரு. 'அது ஃபுசாயே இல்ல, வேற யாரோ'ங்கறாரு. கண்ணு பளிச்பளிச்னேன். அதுக்கும் சிரிப்பு. 'அவ இல்ல, அவ இல்ல'. வாரா வாரம் இதே கதைதான். ஒசாகாவுல கூட்டத்தையே நிக்கவெச்ச வாய் இது. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் போணியாகல."

"ஒண்ணுகூடவா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சிடுசிடுன்னு இருக்கும்னேன். அதுக்கு மட்டும் 'ஆமா, கிட்ட வந்துட்ட'ன்னாரு."

வேறு சமயமாக இருந்தால் அவள் தலையில் கரண்டியால் போட்டிருப்பேன். அன்றைக்குக் கை எழவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டாராம். மூஞ்சி மாதிரி இருக்கும்னு சொன்னீங்களாமே?" இப்போது ரூரிகோவின் குரல் சீறியது. "எனக்கு எவ்ளோ எரியும்னு தெரியுமா அக்கா? எனக்கும்தான் ஒருத்தன் இருந்தான், ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும். இடுப்பு வரைக்கும் இருந்த முடிய ஒருநாள் காதளவுக்கு வெட்டிட்டு வந்து எதிர்ல உக்காந்தேன். சோத்தத் தின்னுட்டுப் படுத்துட்டான். இங்க கண்ணு தெரியாத மனுஷன், பொண்டாட்டி மூஞ்சிக்காக என் அடுப்படியில கெடந்து கெஞ்சறாரு. அதுக்கு வார்த்த எடுத்துக் குடுக்கறது என் வேல. நீங்க என்னடான்னா என் வாசல்ல பனியக் கொட்டறீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழங்கைக் கிளறப் போனாள். நான் வெளியே வந்து, அவள் வாசலில் கொட்டின பனியை எல்லாம் வாரிக் கால்வாயில் போட்டேன். எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "குளிரு ஜாஸ்தி இல்ல?" என்றாள். "ஜாஸ்திதான்" என்றேன்.

இருட்டுவதற்கு முன்பே அவர் விடுதியிலிருந்து திரும்பி வந்தார். தொப்பியைத் தட்டினார். அடியில் கணப்பு வைத்த குட்டை மேசைக்குள் காலை நீட்டிச் சூடேற்றிக்கொண்டார்.

"பனி எப்பிடிப் பெய்யுது?"

"பனி கெடக்கட்டும். மூஞ்சியச் சொல்றேன்."

"யாரு மூஞ்சி?"

"என் மூஞ்சிதான்."

அவர் நீட்டின காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சுவரோரமாக, துணி தைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் ரூரிகோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், டக்டக்டக் என்று.

"எடது புருவம் பாதிதான் இருக்கு. சின்ன வயசுல அடுப்புல கருகினது. கண்ணு சின்னது. வாய் கொஞ்சம் கோணல். கன்னம் காத்துல வெடிச்சிருக்கு. மூக்கு செவந்திருக்கு, இப்ப அழுதேன்."

அவர் சிரிக்கவில்லை. மேசைக்கு மேலே குனிந்து, என் பக்கமாகக் காதைக் கொடுத்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீங்க காலையில வெளிய போறப்ப வாசல்ல நிப்பேன். முக்குல திரும்பற வரைக்கும் இந்த மூஞ்சி உங்க முதுகையே பாத்துட்டு நிக்கும்."

"நிப்பியா? தெனமுமா?"

"தெனமும்தான்."

"எனக்குச் சத்தமே வரலியே."

"நிக்கறதுக்கு என்ன சத்தம்?"

அவர் முழங்காலால் நகர்ந்து வந்து என் பாதிப் புருவத்தில் கட்டைவிரலை வைத்தார். "இதுதான். இவதான்" என்றார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் சொல்லு."

அப்போதுதான் கவனித்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது. அடுப்புச் சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சுவரோரமாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? எத்தனை திங்கட்கிழமை நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குரலைக் குறைக்கவில்லை.